பிழை யாருடையது?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"கணினியைப் பற்றி இளைஞர்களுக்கு ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் என்னைப் பணித்தார். நான் பி.ஏ. வரலாறு படித்துப் பின்னர்ப் பி.எட். முடித்தவன்; கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் வரலாறு படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு செய்தியைக் கேட்டால், சொன்னவர் யார், கண்டவர் யார், வேறு சான்று உண்டா என்று வினவுவான். கணினியின் பிழைகளைத் துருவித் தேடும் வல்லுநர்களும் இதே வினாக்களைத்தான் கேட்கிறார்கள் என்பதை நான் காலம் கடந்தே அறிந்தேன். அதை முன்னரே அறியாமையால் நான் ஒரு மாணவனுக்கு இழைத்த தவற்றையும் இம்மேடையில் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் சவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூர் உள்ளது. அங்கே 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்து வானாய்வைத் தொடங்கினார் வைணு பாப்பு. 1972 இல் 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. 1986 சனவரி 6 ஆம் நாள் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவற்றை நீங்கள் பாடநூலிலும் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது 1977 மார்ச் 10 ஆம் நாள் இரவில் நடந்தது.

அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடக்கவிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியால் அவ்விண்மீனின் ஒளியை அளந்து கொண்டிருந்தனர். கோள் வந்து மறைக்கும் வேளை அன்று. எனினும் விண்மீனின் ஒளி சட்டென்று குறைந்து, சில நொடிகளில் மீண்டது. அங்கே எழுந்த வினா என்ன? கருவியில் கோளாறா? மெல்லிய மேகமா? அன்றி வானில் உண்மையாகவே ஏதேனும் குறுக்கே வந்ததா? "கருவி பழுது" என்று தாளைக் கிழித்தெறிந்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பதிவைப் பேணினர், யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று கருதி வெளியிட்டனர். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவின் பதிவில், கோளுக்கு ஒருபுறம் எத்தனை முறை ஒளி குறைந்ததோ, மறுபுறமும் அத்தனை முறை குறைந்திருந்தது. துணைக்கோள் இவ்வாறு இருபுறமும் ஒத்து மறைக்காது; வளையமே மறைக்கும். இவ்வாறுதான் யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தன.

இதிலிருந்து மூன்று பாடங்கள். எதிர்பாராதது நேர்ந்தால் அதை ஒதுக்காதே. நேர்ந்ததை நேர்ந்தவாறே எழுதி வை. காரணத்தை முடிவு செய்வதற்கு முன் இரண்டாவது சாட்சியைத் தேடு. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு கணினிக்குள் நுழைவோம்.

கணினியின் உள்ளமைப்பை விளக்க, நாம் அனைவரும் நன்கறிந்த ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அது வட்டாட்சியர் அலுவலகம். எழுதப் படிக்கத் தெரியாத நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பட்டா வேண்டி வருகிறார். வாயிலில் அமர்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் தம் நிலத்தின் விவரத்தை வாயால் சொல்கிறார். அவர் அதை அலுவலக நடையில் எழுதித் தருகிறார். அலுவலகம் பெரியவர் சொன்னதைக் கேட்பதில்லை. தாளில் உள்ளதையே பார்க்கிறது. ஆணை பிறந்த பின், எந்த வரப்பு எங்கே முடிகிறது, எந்த வழியாகப் புலத்துக்குப் போக வேண்டும் என்பதை அறிந்த கிராம உதவியாளர் சென்றுதான் காரியத்தை முடிக்க வேண்டும்.

கணினியிலும் இந்நால்வர் உளர். நிரல் எழுதும் மனிதர்தான் பெரியவர். அவர் எழுதியதை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாகப் பெயர்த்துத் தரும் கம்பைலர்தான் மனு எழுதுபவர். நினைவகம், நேரம், கோப்புகள் ஆகிய எல்லாவற்றையும் தன் பொறுப்பில் வைத்து, கேட்பவர்க்குப் பகிர்ந்தளிக்கும் கெர்னல்தான் அலுவலகம்; இயங்குதளத்தின் உயிர்நிலை அது. விசைப்பலகை, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை ஆகிய ஒவ்வொரு கருவியின் தனி இயல்பையும் அறிந்து அதனோடு பேசும் டிரைவர்தான் கிராம உதவியாளர். டிரைவர் என்றதும் பேருந்து ஓட்டுநரை எண்ணிவிடாதீர்கள். இதுவும் ஒரு நிரலே. ஆனால் கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்யும் நிரல். ஆதலின் டிரைவர் தடுமாறினால் அலுவலகம் முழுவதும் நின்றுபோகும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். பெரியவர் 112 என்று சரியாகச் சொன்ன சர்வே எண்ணை மனு எழுதுபவர் 121 என்று எழுதிவிட்டார். அல்லது தாள் சரியாக இருந்தும் கிராம உதவியாளர் வேறொரு வரப்பைக் காட்டிவிட்டார். மனு தள்ளுபடியாகிறது. ஏச்சு யாருக்கு? "உன் நிலத்தின் எண்ணே உனக்குத் தெரியவில்லையா?" என்று பெரியவரைத்தான் கேட்பார்கள். எல்லாருக்கும் கீழே நிற்பவர்மேல்தான் குற்றம் வந்து தங்கும். மேட்டில் கொட்டிய நீர் பள்ளத்தில் தேங்குவதைப் போல, ஓர் அமைப்பில் நேரும் பிழைகளின் பழியெல்லாம் அடியில் இருப்பவனிடம் வந்து தேங்குகிறது. இதை நம் சமூகத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நானே அதைச் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியின் கணினி அறையில் லினக்ஸ் நிறுவிய கணினி ஒன்று இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், நம் சமூகத்துப் பிள்ளை, பள்ளி விட்ட பின்னும் அதன்முன் அமர்ந்திருப்பான். திடீரென்று அக்கணினி உறைந்து நிற்கத் தொடங்கியது. திரை அசையாது, விசை எதற்கும் மறுமொழி இராது. மற்ற மாணவர்கள் அமர்ந்தால் ஒன்றும் நேர்வதில்லை. இவன் அமர்ந்தால் உறைந்துவிடும். இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று எண்ணினேன். "கண்டதையும் தட்டிக் கெடுத்துவிட்டாய். இனி இந்த அறைக்குள் வராதே" என்று சொல்லிவிட்டேன். உள்ளே வராதே என்ற அச்சொல்லை நம் முன்னோர் எத்தனை வாயில்களில் நின்று கேட்டிருப்பர்! அன்று அது என் வாயிலிருந்து வந்தது. அவன் மறுத்துப் பேசவில்லை. தலை கவிழ்ந்து போய்விட்டான்.

அடுத்த பொங்கல் விடுமுறையில், எங்கள் பள்ளியில் படித்துப் பெங்களூரில் பணியாற்றும் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். பேச்சுவாக்கில் கணினியின் கதையைச் சொன்னேன். அவள் மூன்று கேள்விகள் கேட்டாள். "சார், உறைந்தபோது அந்தப் பையன் என்ன செய்து கொண்டிருந்தான்? அதே செயலை வேறு யாரேனும் செய்து பார்த்தார்களா? உறையத் தொடங்குவதற்கு முன் கணினியில் என்ன மாற்றம் செய்தீர்கள்?" மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. ஒரு பிள்ளையைத் தண்டித்தவனிடம் மூன்று எளிய கேள்விகளுக்கு விடை இல்லை!

அன்று பிற்பகல் பள்ளியைத் திறந்து அவளே சோதித்தாள். மற்ற மாணவர்கள் தட்டச்சு மட்டுமே பழகுவார்கள். அவன் ஒருவன்தான் படிப்பதற்காகக் கம்பியில்லா வலை இணைப்பை இயக்குவான். அதை அவள் இயக்கினாள், கணினி உறைந்தது. நான் இயக்கினேன், உறைந்தது. கணினியில் முந்தைய கெர்னலும் அழியாமல் இருந்தது. அதைக் கொண்டு தொடங்கினாள், உறையவில்லை. புதிய கெர்னலையே கொண்டு, கம்பியில்லா அட்டைக்குரிய டிரைவரை மட்டும் நிறுத்தி வைத்தாள், உறையவில்லை. ஆக, விடுமுறைக் காலத்தில் நாங்களே ஏற்றிய புதிய பதிப்பில் அந்த ஒரு டிரைவரில்தான் கோளாறு. பையன் செய்த குற்றம், கருவியை முழுமையாகப் பயன்படுத்தியதுதான்.

நான் அவன் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொல்லி, "தம்பி, தவறு என்னுடையது" என்றேன். அவன் சொன்ன மறுமொழி இன்றும் என்னை உறுத்துகிறது. "பரவாயில்லை சார். நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நானும் நம்பிவிட்டேன்" என்றான். மீண்டும் அழைத்தும் அவன் கணினி அறைக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து வேறு வழியில் சென்றுவிட்டான். கணினியை ஒரு பிற்பகலில் சரி செய்தோம். அந்நம்பிக்கையை நான் சரி செய்ய முடியவில்லை.

இளைஞர்களே, பிறர் உங்கள்மேல் பழி போடுவது ஒரு தீங்கு. அப்பழியை ஆராயாமல் நீங்களே ஏற்றுக்கொள்வது அதனினும் பெரிய தீங்கு. இதற்கு மருந்து வீராவேசம் அன்று. ஆராயும் முறையே மருந்து. அம்முறையை உலகின் தேர்ந்த வல்லுநர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்பதற்கு மூன்று வழக்குகளைச் சொல்கிறேன். மூன்றும் லினக்ஸ் கெர்னலில் நேர்ந்தவை. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இக்கெர்னலின் நிரல் முழுவதும் எவரும் படிக்குமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆதலின் அதன் பிழைகளும் திருத்தங்களும் ஊரறிய நடக்கின்றன.

முதல் வழக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று முடிந்த வழக்கு. 2008 இல் 2.6.27 என்னும் கெர்னல் பதிப்பு சோதனையில் இருந்தபோது, ஒருவகை இன்டெல் வலையமைப்பு அட்டைகள் அடியோடு செயலிழந்தன. அட்டைக்குள் இருக்கும் நிலையான நினைவகமே சிதைந்துபோனது. கணினியை நிறுத்தித் தொடங்கினாலும் அட்டை உயிர் பெறவில்லை. எல்லாருடைய ஐயமும் அவ்வட்டைக்குரிய இ1000இ என்னும் டிரைவர்மேல் விழுந்தது. இயல்புதானே? அந்த அட்டையைத் தொடுவது அந்த டிரைவர்தான்.

தேடித் தேடி இறுதியில் கண்டது வேறு. கெர்னல் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்காணிக்க எஃப்டிரேஸ் என்னும் கருவி புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அது நிரலின் சில முகவரிகளைக் குறித்து வைத்து, பின்னர் அவ்விடங்களில் சிறு மாற்றம் செய்யும். நிரலின் ஒரு பகுதி, வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். காலியான முகவரி வேறொருவருக்கு ஒதுக்கப்படும். அவ்வாறு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு வலையமைப்பு அட்டையின் நினைவகம் குடிவந்துவிட்டது. கண்காணிப்புக் கருவியோ பழைய முகவரிப் பட்டியலோடு வந்து கதவைத் தட்டியது. உள்ளே இருப்பது தான் தேடிய பொருள் அன்று என்று ஒப்பிட்டுக் கண்டுகொண்டது. ஆனால் அது பயன்படுத்திய எந்திரக் கட்டளையின் இயல்பு, ஒப்பிட்டு வேறாக இருந்தாலும் இருந்ததையே மறுபடி எழுதிவிட்டுத் திரும்புவது. சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. அட்டையின் நினைவகத்திலோ அது நாசம் விளைத்தது. 2008 அக்டோபரில் வந்த 2.6.27.1 பதிப்பில் அவ்வசதி நிறுத்தி வைக்கப்பட்டது. குற்றவாளி என்று கருதப்பட்ட டிரைவர், உண்மையில் பாதிக்கப்பட்டவர். பிழையைக் கண்காணிக்க வந்த கருவியே பிழையின் வேர். ஊர்க் காவலனே வழிதவறிப் பிறர் வீட்டில் நுழைந்த கதை இது.

இரண்டாவது வழக்கில் இருவருக்கும் பங்கு உண்டு. 2009 சூலையில் வெளிவந்தது. டன் என்னும் வலையமைப்பு டிரைவரில் ஒரு சிறு பகுதி. அதை எழுதியவர் முதல் வரியில், "பெட்டிக்குள் இருக்கும் பொருளை எடு" என்று எழுதினார். அதற்கடுத்து, "பெட்டி உண்டா இல்லையா என்று பார், இல்லையேல் திரும்பு" என்று எழுதினார். வரிசை மாறிப் போனது. பெட்டி உண்டா என்று பார்த்த பிறகல்லவா திறக்க வேண்டும்? ஆயினும் இரண்டாவது வரி இருக்கிறதே, அது காக்கும் என்று படிப்பவர் எண்ணுவர். கம்பைலர் வேறுவிதமாக எண்ணியது. "முன்வரியிலேயே பெட்டியைத் திறந்துவிட்டார், ஆதலின் பெட்டி இருந்தே தீர வேண்டும், இக்கேள்வி வீண்" என்று முடிவு செய்து, காவல் வரியை நீக்கிவிட்டது. வேகத்துக்காகத் தேவையற்றதை நீக்கக் கம்பைலருக்கு விதிப்படி உரிமை உண்டு. மூலத்தில் காவல் இருக்கிறது. எந்திரத்துக்குச் சென்ற கட்டளையில் காவல் இல்லை. அந்த வாயில் வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்று பிராட் ஸ்பெங்லர் செய்து காட்டினார். பின்னர் வரிசை திருத்தப்பட்டது. இத்தகைய காவல் வரிகளை நீக்கலாகாது என்று கம்பைலருக்கும் கட்டளையிடப்பட்டது.

இவ்வழக்கு நமக்குச் சொல்வது, எழுதியதைப் படித்தால் மட்டும் போதாது. எழுதியது என்னவாகப் பெயர்க்கப்பட்டு நடைமுறைக்குச் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே. சட்டப் புத்தகத்தில் இருக்கும் பாதுகாப்பு, கிராமத்துக்கு வந்து சேரும்போது எந்த மேசையில் காணாமற்போகிறது என்று தேடுவது நம் சங்கத்தின் அன்றாட வேலைதானே?

மூன்றாவது வழக்கில்தான் கம்பைலரே முழுக் குற்றவாளி. 2014 சூலையில் 3.16 பதிப்பு சோதனையில் இருந்தபோது, கணினி எப்போதோ ஒருமுறை நிலைகுலைந்து நிற்பதாக மிஷேல் டென்சர் என்பவர் தெரிவித்தார். வேலைகளைச் செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பகுதியில் அது நேர்ந்தது. நிரலைப் படித்தவர்களுக்குப் பிழை தென்படவில்லை. பின்னர் டோர்வால்ட்ஸ், கம்பைலர் பெயர்த்துத் தந்த எந்திரக் கட்டளைகளையே வரி வரியாகப் படித்துப் பார்த்தார்.

அவர் கண்டதை நம் பேருந்தைக் கொண்டு விளக்கலாம். கூட்டமான பேருந்தில் முதலில் துண்டு போட்டு இடம் பிடிப்போம். பிறகு பையை வைப்போம். ஜிசிசி 4.9.0 என்னும் கம்பைலரோ, இடம் பிடிப்பதற்கு முன்பே பையை வைத்துவிட்டு, அதன் பின் துண்டைப் போட்டது. இரண்டுக்கும் இடையே நொடியின் மிகச் சிறு பகுதிதான். பெரும்பாலும் எவரும் குறுக்கே வரார். ஆனால் அந்த இமைப்பொழுதில் ஏதேனும் ஒரு கருவி "என்னைக் கவனி" என்று கெர்னலை அழைத்தால், உரியவர் இல்லாத இடம் என்று எண்ணி அங்கே தன் சுமையை இறக்கிவிடும். பையில் இருந்த பொருள் போயிற்று, கணினி நின்றது. எப்போதோ ஒருமுறை மட்டும் நேர்ந்ததற்குக் காரணம் இதுவே. அம்மாத இறுதிக்குள், கம்பைலரின் அக்குறையைத் தவிர்க்கும் மாற்றம் கெர்னலில் சேர்க்கப்பட்டது.

கவனியுங்கள். கம்பைலரின்மேல் குற்றம் சுமத்திய அவர் வெறும் வாயால் சுமத்தவில்லை. இன்ன வரி, இன்ன கட்டளை, இன்ன முறைகேடு என்று எடுத்துக் காட்டினார். நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு இது மிக முக்கியம். உங்கள் நிரல் தவறினால் பெரும்பாலும் பிழை உங்களுடையதாகவே இருக்கும். கம்பைலரைக் குறை கூறுவது சோம்பேறிக்கும் எளிது. முதலில் உங்கள் வரிகளைச் சோதியுங்கள். உங்கள் பிழை என்று தெரிந்தால் நாணாமல் திருத்துங்கள். உங்கள் பிழை அன்று என்று சோதனை காட்டினால், எவ்வளவு பெரிய பெயர் எதிரே நின்றாலும் அஞ்சாமல் மேலே ஏறிச் செல்லுங்கள். நேர்மை என்பது இரண்டு பக்கமும் செல்வது.

பிழையைத் தேடும் முறையிலும் ஓர் எளிய கணக்கு உண்டு. மலைமேல் உள்ள தொட்டியிலிருந்து நம் குடியிருப்புக்கு வரும் குழாயில் எங்கோ அடைப்பு. குழாயில் 1000 இணைப்புகள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பவன் ஓராண்டு பார்ப்பான். அறிவுடையவன் நடுவில் உள்ள இணைப்பைத் திறப்பான். அங்கே நீர் வந்தால் அடைப்பு கீழ்ப்பாதியில், வராவிட்டால் மேற்பாதியில். எஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் திறப்பான். 1000 இணைப்புகளுக்கு 10 சோதனைகள் போதும். 10 இலட்சத்துக்கும் 20 போதும். கெர்னலில் பழைய பதிப்பு நன்றாக இருந்து புதிய பதிப்பு கெட்டிருந்தால், இடையில் செய்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் குற்றமுள்ள மாற்றத்தை இவ்வாறே பாதி பாதியாகப் பிரித்துக் கண்டுபிடிக்கிறார்கள். 2005 இல் கெர்னலுக்காகவே டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் நிரலில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. என் பழைய மாணவி முந்தைய கெர்னல், புதிய கெர்னல், டிரைவர் உள்ள நிலை, இல்லாத நிலை என்று பிரித்ததும் இதே கணக்குத்தான். இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. பொறுமையும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றும் ஒழுங்கும், ஒவ்வொரு முடிவையும் எழுதி வைக்கும் பழக்கமும் போதும்.

தமிழில் இக்காலத்தார் கணினிப் பிழையை வழு என்று வழங்குகிறார்கள். அது நம் இலக்கணத்தின் பழஞ்சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். "தவறாகப் பேசினாய்" என்று அவர்கள் வாளா அதட்டவில்லை. எங்கே தவறியது, எவ்வகையில் தவறியது என்று பகுத்தனர். திட்டுவது வேறு, பிழையறிவது வேறு என்பதற்கு இதுவே சான்று.

இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைவுகூராமல் மேலே செல்ல இயலாது. 1936 இல் லாகூரில் சாதி ஒழிப்புக்கென நடைபெறவிருந்த மாநாட்டுக்குத் தலைமையுரை ஒன்றை எழுதினார். உரையின் கருத்துகள் அழைத்தவர்களுக்கு ஏற்கவில்லை, மாநாடு நடக்கவில்லை. அண்ணல் அவ்வுரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அழைத்தவர்களை அத்துணை அச்சுறுத்தியது எது? சமபந்தியும் கலப்பு மணமும் நல்லவை. ஆனால் சாதியைப் புனிதம் ஆக்கிய சாத்திரங்களின் அதிகாரத்தையே கேள்விக்கு உட்படுத்தாமல் சாதி ஒழியாது என்று அவர் வாதிட்டார். மக்கள் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் எதை நம்புமாறு கற்பிக்கப்பட்டார்களோ அதில் பிழை என்றார். நம் இன்றைய பேச்சின் சொல்லில் கூறினால், எல்லாரும் மேல்வரியைத் திருத்திக் கொண்டிருந்தபோது, மனிதனை மேல் கீழ் என்று பெயர்த்துத் தந்த கம்பைலரையே அவர் சோதனைக்கு எடுத்துக் கொண்டார். அதையும் நூல்களைப் படித்து, சான்றுகளை அடுக்கி, வரிக்கு வரி காட்டிச் செய்தார். வெறுங்குற்றச்சாட்டாக அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை.

தலைமுறை தலைமுறையாக நம்மைப் பற்றி ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டு வந்தது. "இவர்களுக்குப் படிப்பு வராது" என்பது அது. எந்தச் சோதனையின் முடிவு அது? பள்ளி வாயிலை அடைத்துவிட்டு, படிப்பு வரவில்லை என்று எழுதுவது எந்த ஆய்வு முறை? 25 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியோர் செய்தது இதுதான்: ஒரே ஒரு நிலையை மாற்றிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அவர்களே, ஊர் அதுவே. மாலையில் விளக்கும், அமர்ந்து படிக்க இடமும், கேட்பதற்கு ஓர் ஆசிரியரும் சேர்ந்தன. விளைவு இம்மண்டபத்தில் நிறைந்து அமர்ந்திருக்கிறது. பிழை பிள்ளைகளிடத்தில் இல்லை என்பதற்கு நீங்களே இரண்டாவது சாட்சி.

இனி நாம் செய்ய வேண்டுவன சிலவற்றைச் சொல்லி அமைகிறேன்.

முதலாவது, நம் படிப்பகத்தில் பழைய கணினிகள் இரண்டை "கெடுக்கலாம்" என்று எழுதி வையுங்கள். இளைஞர்கள் அவற்றில் லினக்ஸை ஏற்றட்டும், கெர்னலை மாற்றட்டும், டிரைவரை நிறுத்தி இயக்கிப் பார்க்கட்டும். கெட்டால் சரி செய்யட்டும். கெடுத்துவிடுவோம் என்ற அச்சம் உள்ளவன் எதையும் திறந்து பார்க்க மாட்டான்.

இரண்டாவது, ஒவ்வொருவரும் ஒரு பிழைக் குறிப்பேடு வைத்திருங்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நேர்ந்தது, முன்பு எப்போது சரியாக இருந்தது ஆகிய நான்கையும் தேதியிட்டு எழுதுங்கள். அன்று காவலூரில் பேணிய பதிவைப் போன்றதே இதுவும். வேலைக்கான நேர்முகத்தில் சான்றிதழுக்கு அடுத்தபடி உங்களைத் தாங்குவது இக்குறிப்பேடாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, மூலத்தைப் படியுங்கள். கெர்னலில் ஒரு டிரைவரின் பிழையைக் கண்டு திருத்தி அனுப்புபவரின் பெயரும் மின்னஞ்சலும் கேட்கப்படும், சாதி கேட்கப்படுவதில்லை. எனினும் எல்லாம் சமம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆங்கிலம் ஒரு தடை. நல்ல கணினி இல்லாமை ஒரு தடை. கூலி வேலைக்குப் பின் எஞ்சும் நேரம் குறைவு. இத்தடைகளைக் குறைப்பது தனி இளைஞனின் கடமை மட்டும் அன்று, சங்கத்தின் கடமை. நம் நாட்டிலும் வேலை காத்திருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி செயலியில் 2018 இல் லினக்ஸ் இயங்கியது. சொந்தமாகச் செயலி செய்யும் நாட்டுக்கு டிரைவர் எழுதவும், கம்பைலரைச் செப்பனிடவும், பிழை தேடவும் ஆட்கள் வேண்டும். அவர்களில் சிலர் சவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் சென்றால் என்ன?

கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் என் ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு பிள்ளையின் கையில் ஏதேனும் கெட்டுப்போனால், "என்ன செய்தாய்?" என்று அதட்டாதீர்கள். "என்ன நேர்ந்தது? வா, மறுபடி செய்து பார்ப்போம்" என்று அருகில் அமருங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் அன்று சொல்லியிருந்தால், இன்று இம்மேடையில் கணினியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஒருவனை இச்சங்கம் அழைத்திருக்கும்.